8 அங்குலத் தொலைநோக்கியில் புறக்கோள் கடப்பு: மேல்பழனி மலையிலிருந்து பதிவு செய்ய முடியுமா?

மேல்மலை_டீச்சர்:

வணக்கம். இடம் மன்னவனூர்ப் பக்கம், ஒரு பள்ளியின் மொட்டைமாடி. கையில் இருப்பவை: 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி (குவியத் தொலைவு 1000 மி.மீ.), ஜெர்மன் வகை ஈக்குவடோரியல் மவுண்ட் (வானின் சுழற்சியோடு தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி), பக்கத்தில் மாட்டிய சிறிய கைடு தொலைநோக்கி (விண்மீன் நகராமல் பிடித்துவைக்க), குளிரூட்டும் கறுப்பு-வெள்ளை கேமரா (3008 × 3008 பிக்சல், பிக்சல் அளவு 3.76 மைக்ரான்), ஒரு சிவப்பு ஃபில்டர். பிளஸ் டூ மாணவர்கள் ஆறு பேரோடு, வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் அதன் முன்னால் கடப்பதை நாங்களே அளந்து வரைபடம் போட வேண்டும்.

எந்த விண்மீனை எடுப்பது? எத்தனை விநாடி எக்ஸ்போஷர்? இங்கே துருவ நட்சத்திரம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, மவுண்டை எப்படி ஒழுங்கு செய்வது? விண்மீனின் ஆட்டத்தை நிறமாலையில் அளக்கும் டாப்ளர் முறையையும் பள்ளி அளவில் செய்து காட்ட வழி உண்டா? ஊட்டி ரேடியோ தொலைநோக்கியால் இப்படிப்பட்ட கோள்களைக் கண்டுபிடிக்கலாமா என்றும் ஒரு மாணவி கேட்கிறாள்.

கோத்தகிரி_இரவுவான்:

தாராளமாக முடியும் டீச்சர். உங்கள் கருவிக்கு வேலை சரியாகவே இருக்கும், இலக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி.

ஒளி எவ்வளவு குறையும் என்பதற்குக் கணக்கு எளிது: கோளின் ஆரத்தை விண்மீனின் ஆரத்தால் வகுத்து இருமடியாக்குங்கள். சூரியனை வியாழன் மறைத்தால் 1%. பூமி மறைத்தால் 0.0084%. முன்னது நம் கைக்கு எட்டும். பின்னதற்கு விண்வெளிக்குத்தான் போக வேண்டும்.

புத்தகங்களில் வரும் எச்டி 209458பி (கடப்பு முதன்முதலில் பதிவானது இதில்தான், 1999இல், 1.5% குறைகிறது), எச்டி 189733பி (2.4%) இரண்டின் விண்மீன்களும் 7.7 மேக்னிட்யூட் (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) அளவில் நல்ல வெளிச்சம். ஆனால் முன்மாலையில் அவை உயரமாக நிற்பது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. பழனி மலையிலும் நீலகிரியிலும் அந்த மாதங்களில் மழையும் மஞ்சும்தான். நமக்குக் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகவே அந்த வானத்தில் உள்ளதைத் தேட வேண்டும்.

என் தேர்வு வாஸ்ப்-43 என்ற விண்மீனைச் சுற்றும் கோள் வாஸ்ப்-43பி. மகம் நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ நேர் தெற்கே 22 பாகை, செக்ஸ்டன்ஸ் விண்மீன் குழுவில் இருக்கிறது. நடுவரைவிலக்கம் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கு, தெற்கு விலகல்) மைனஸ் 10 பாகையை ஒட்டி, ஆகவே உங்கள் ஊரில் உச்சிக்கு வரும்போது 70 பாகை உயரம். பிப்ரவரி கடைசி வாரத்தில் இரவு 12.25 வாக்கில் உச்சி கடக்கும். கடப்பு ஆழம் 2.5%, நீளம் 70 நிமிடம்தான். சுற்றுக்காலம் 0.8135 நாள், அதாவது பத்தொன்பதரை மணி நேரம். ஒரு கடப்பை மேகம் தின்றுவிட்டால் 5 சுற்று கழித்து, நாலு நாளும் 97 நிமிடமும் தள்ளி அடுத்தது. 16 சுற்று என்றால் 13 நாள் கழித்து, வெறும் 22 நிமிடம் தள்ளி. இவ்வளவு வசதியான இலக்கு வேறு அதிகம் இல்லை.

ஒரே குறை, மேக்னிட்யூட் 12.4. அது போதுமா என்று கணக்குப் பார்த்துவிடலாம். 0 மேக்னிட்யூட் விண்மீனிலிருந்து காட்சி ஒளிப்பட்டையில் ஒரு சதுர செ.மீ.க்கு விநாடிக்குச் சுமார் 9 லட்சம் ஃபோட்டான். 12.4 என்றால் அது 10 ஆகச் சுருங்கும். 8 அங்குல ஆடி, நடுவில் இரண்டாம் ஆடியின் மறைப்பு போக, 280 சதுர செ.மீ. கண்ணாடி, ஃபில்டர், சென்சார் இழப்பெல்லாம் கழித்தால் விநாடிக்கு 1200 எலக்ட்ரான். 60 விநாடிக்கு 72,000. அதன் வர்க்கமூலம் 268, ஆக ஒரு ஃபிரேமின் பிழை 0.37%. வளிமண்டல மினுக்கத்தால் இன்னொரு 0.09% (8 அங்குலம், 2200 மீட்டர் உயரம், 60 விநாடி என்று வைத்தால்). வான் வெளிச்சத்தைச் சேர்த்தாலும் அரை சதவீதத்துக்குள் நிற்கும். 2.5% பள்ளத்தை 70 ஃபிரேமில் எடுக்கிறீர்கள். கண்ணுக்கே தெரியும். இது சிவந்த விண்மீன் என்பதால் உங்கள் சிவப்பு ஃபில்டரில் நிலைமை இதைவிடவும் நன்றாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: மாசி மகத்தை ஒட்டிய இரவுகளைத் தவிருங்கள். அன்றைக்குப் பௌர்ணமி நிலா நிற்பதே மகத்துக்குப் பக்கத்தில்.

வட்டக்கானல்_மஞ்சு:

இலக்கு பற்றி மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் மலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுக் கையேடுகளில் இது கிடைக்காது.

கொடைக்கானல் பக்கம் அட்சரேகை 10 பாகை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 10 பாகையில், யூக்கலிப்டஸ் வரிசை ஒன்றே அதை மறைக்கப் போதும். அதைத் தேடாதீர்கள். நினா மாதிரி மென்பொருளில் வானத்தின் மூன்று இடங்களைப் படமெடுத்து, விண்மீன் அமைப்பைக் கொண்டே மவுண்டின் அச்சு எங்கே நோக்குகிறது என்று கணக்கிடும் வசதி இருக்கிறது. அரை மணியில் ஒன்றிரண்டு கலை (ஒரு கலை பாகையில் 60இல் ஒரு பங்கு) அளவுக்குப் பிழையைக் கொண்டுவரலாம். கணினி இல்லாவிட்டால், விண்மீன் எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் பழைய டிரிஃப்ட் முறை.

இரண்டாவது, இந்த மவுண்டுகள் பலவும் நடு அட்சரேகை நாடுகளுக்காகச் செய்யப்பட்டவை. 10 பாகைக்கு இறக்கும்போது உயரத் திருகு அதன் எல்லையை முட்டலாம், எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கலாம். பகலிலேயே கையால் முழுச் சுற்றும் சுற்றிப் பாருங்கள். இடித்தால் தலைக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு நீட்டிப்புக் குழாய் போட வேண்டும். இரவில் மோட்டார் ஓடும்போது இடித்தால் பல்சக்கரம் போய்விடும்.

மொட்டைமாடி: மாணவர்கள் நடந்தால் தளம் அதிரும், கைடிங் வரைபடத்தில் அது முள்முள்ளாகத் தெரியும். எக்ஸ்போஷர் ஓடும்போது எல்லோரும் படிக்கட்டு அறையில் உட்காரட்டும். தரையில் வைப்பதானால் காட்டுமாடு நடக்கும் தடத்தை விட்டு ஒதுங்குங்கள். பள்ளமான இடமும் வேண்டாம். உறைபனி எங்கே விழும் என்று பக்கத்துத் தோட்டக்காரரைக் கேளுங்கள், உருளைக்கிழங்கு கருகும் பாத்தியைக் காட்டுவார். குளிர்காற்று வந்து தேங்கும் இடம் அதுதான். அங்கே பனி கண்ணாடியில் படியும், விண்மீனும் கலங்கும். மேட்டில் வைத்தால் இரண்டும் குறையும்.

நியூட்டோனியனில் முதன்மை ஆடி குழாயின் அடியில் இருப்பதால் பனி படிவது தாமதம். இரண்டாம் ஆடியும் கைடு தொலைநோக்கியின் லென்ஸும்தான் முதலில் நனையும். இரண்டுக்கும் சூடேற்றும் பட்டி கட்டுங்கள். கேமராவுக்கு மைனஸ் 10 டிகிரி போதும். குளிர் இரவில் அது எளிதாக வரும். ஆனால் கேமராவின் உள்ளே ஈரம் உறைகிறதா என்று பாருங்கள், சிலிக்கா ஜெல்லை மாற்றி வையுங்கள். மின்சாரத்துக்கு 12 வோல்ட் பேட்டரி. கரண்ட் ஒரு விநாடி போய் வந்தாலும் மவுண்ட் தன் நிலையை மறந்துவிடும், கடப்பும் போய்விடும்.

ஃபிளாட் (தூசி நிழலையும் வெளிச்ச ஏற்றத்தாழ்வையும் நீக்க, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) எடுப்பது பற்றியும் ஒரு சொல். நம் அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக விழும். அந்தி வெளிச்சம் ஃபிளாட்டுக்குப் பொருத்தமான அளவில் சில நிமிடமே நிற்கும். அந்த நேரத்தில் முப்பது படத்தை அவசரமாக எடுக்கப் பழகுங்கள், இல்லாவிட்டால் குழாயின் வாயில் வெள்ளை வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக இறுக்கிக் கட்டி எடுங்கள். கேமராவின் எண்ணிக்கை அளவு பாதி நிரம்பினால் போதும். ஃபிளாட் எடுத்த பிறகு கேமராவைக் கழற்றக் கூடாது, சுழற்றவும் கூடாது. தூசி நிழல் இடம் மாறிவிடும்.

மேல்மலை_டீச்சர்:

மிக்க நன்றி. எதிர் எடைக் கம்பியைச் சோதித்தோம், வடக்குக் காலில் இடிக்கத்தான் செய்கிறது. நீட்டிப்புக் குழாய்க்குச் சொல்லியாயிற்று.

இன்னும் இரண்டு. கடப்பின் நடுவிலேயே விண்மீன் உச்சியைத் தாண்டினால் மவுண்டைப் புரட்டலாமா (குழாயை மறுபக்கத்துக்கு மாற்றலாமா)? எடுத்த படங்களிலிருந்து வரைபடம் வரை என்னென்ன செய்ய வேண்டும்?

ஒளிவளைவு_குந்தா:

புரட்டாதீர்கள் டீச்சர். புரட்டினால் படம் 180 பாகை திரும்பும், ஒவ்வொரு விண்மீனும் சென்சாரின் வேறு மூலைக்குப் போகும். ஃபிளாட் திருத்தத்தில் மிஞ்சிய பிழை அங்கே வேறு மாதிரி இருக்கும், வரைபடத்தில் ஒரு படி விழும். கடப்பின் தொடக்கமும் அப்படித்தான் இருக்கும், இரண்டையும் பிரிக்கவே முடியாது. கடப்பு முழுவதும் உச்சிக்கு ஒரே பக்கத்தில் விழும் இரவைத் தேர்ந்தெடுங்கள். நியூட்டோனியன் முக்காலியில் இடிக்காத வரைக்கும் உச்சி தாண்டி அரை மணி ஓட விடலாம், அதையும் பகலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தரும் பொருள் பக்கத்தில் மாட்டிய கைடு தொலைநோக்கி. அது ஒரு விண்மீனைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பெரிய குழாய் தன் எடையில் மெல்ல வளையும். மூன்று மணி நேரத்தில் இலக்கு 20, 30 பிக்சல் நகர்ந்துவிடும். கைடிங் வரைபடம் அழகாக இருக்கும், ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) சாய்ந்து போயிருக்கும். பெரிய குழாயின் ஒளியிலிருந்தே சிறு பகுதியைப் பிரித்துப் பார்க்கும் அச்சு விலகு கைடர் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கைடு குழாயின் வளையங்களை இறுக்கி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை முதன்மைக் கேமராவின் படத்தைப் பார்த்து விண்மீனைப் பழைய பிக்சலுக்கே கொண்டுவாருங்கள்.

உங்கள் கேமராவும் 1000 மி.மீ. குவியமும் சேர்ந்தால் பிக்சலுக்கு 0.78 விகலை (கலையில் 60இல் ஒரு பங்கு), பார்வைப் புலம் 39 கலை. ஒப்பீட்டு விண்மீன்களுக்கு (இலக்கோடு ஒப்பிட, அதே படத்தில் உள்ள ஒளி மாறாத விண்மீன்கள்) தாராளம். குவியத்தை லேசாகக் கலைத்து விண்மீன் 6 முதல் 8 பிக்சல் அகலம் வருமாறு வையுங்கள். அதற்கு மேல் கலைத்தால் 12.4 மேக்னிட்யூட் விண்மீன் வான் வெளிச்சத்தில் கரையும். 65,535 வரை எண்ணும் கேமராவில் இலக்கும் ஒப்பீடும் 40,000ஐத் தாண்டக் கூடாது. எக்ஸ்போஷர் 60 விநாடி, இரவு முழுக்க அதையே வைத்திருங்கள். கடப்புக்கு ஒரு மணி முன்பே தொடங்கி, முடிந்து ஒரு மணி வரை. ஆரம்பத்தையும் முடிவையும் அறுத்துவிட்டால் சமநிலைக் கோடு (கடப்பு இல்லாத நேரத்து ஒளி அளவு) எங்கே என்று தெரியாமல் பள்ளத்தின் ஆழமே தப்பாகிவிடும். பலரும் செய்யும் தவறு இதுதான்.

மறுநாள் வேலைக்கு ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே, ஹாப்ஸ் இரண்டுமே இலவசம். முதலில் டார்க் (மூடி போட்டு எடுத்த இருட்டுப் படம்), ஃபிளாட் திருத்தம். பிறகு இலக்கைச் சுற்றி ஒரு வட்டம், ஆரம் விண்மீன் அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அதற்கு வெளியே ஒரு வளையம், வான் வெளிச்சத்தைக் கழிக்க. இதே அளவு வட்டங்களை ஐந்தாறு ஒப்பீட்டு விண்மீன்கள் மேல் போட்டு, இலக்கின் எண்ணிக்கையை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள். வாஸ்ப்-43 ஆரஞ்சு நிறக் கே வகை. ஒப்பீடுகள் நீலமாக இருந்தால் விண்மீன் மேலேறும்போதும் இறங்கும்போதும் வளிமண்டலம் இரண்டையும் வேறு வேறாக மங்கச் செய்து ஒரு வளைவைப் புகுத்தும். முடிந்தவரை ஒரே நிறம் தேடுங்கள். ஒப்பீடுகளையும் ஒன்றோடொன்று வகுத்துப் பாருங்கள், ஏதாவது ஒன்று தானே மினுமினுக்கும் மாறு விண்மீனாக இருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள்.

மஞ்சு கடந்த ஃபிரேம்களைக் கண்டுபிடிக்க ஒப்பீட்டு விண்மீன்களின் வெறும் எண்ணிக்கையைப் பாருங்கள். மெல்லிய மூட்டம் புலம் முழுவதும் சீராக இருந்தால் வகுத்தலில் போய்விடும். எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த ஃபிரேம்களை நீக்குங்கள். பள்ளத்தைச் சாதகமாகக் காட்டும் ஃபிரேமை வைத்துக்கொண்டு காட்டாததை நீக்குவது மட்டும் கூடவே கூடாது. விதியை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு வரைபடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் இதிலிருந்து கற்கும் பாடம் கோளைவிடப் பெரியது என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

பள்ளத்தின் அடி தட்டையாக வராது, கிண்ணம் போல வரும். அது பிழையில்லை. கோள் விண்மீனின் நடுவை விட்டு விலகிய பாதையில் கடக்கிறது, விண்மீனின் விளிம்பும் நடுவைவிட மங்கல். ஆழம் 0.025 வந்தால் வர்க்கமூலம் 0.158. விண்மீனின் ஆரம் சூரியனைப் போல 0.667 மடங்கு. பெருக்கினால் 0.105 சூரிய ஆரம், வியாழனின் ஆரத்தைவிடக் கொஞ்சமே கூடுதல். இதே கோளின் வெப்பத்தைத்தான் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தது. 2024இல் வந்த முடிவில் பகல் பக்கம் சுமார் 1250 டிகிரி செல்சியஸ், இரவுப் பக்கம் சுமார் 600.

கொடை_நிறமாலை:

டாப்ளர் கேள்விக்கு வருகிறேன். கடப்பு ஆரத்தைத் தருகிறது, நிறையைத் தருவது டாப்ளர். கோள் இழுப்பதால் விண்மீன் முன்னும் பின்னும் ஆடும், அதன் நிறமாலைக் கோடுகள் நகரும். 1995இல் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் 51 பெகாசியைச் சுற்றும் கோளைக் கண்டது இப்படித்தான். விண்மீனின் வேகம் விநாடிக்கு 56 மீட்டர் மாறியது. அலைநீளத்தில் இது சுமார் 53 லட்சத்தில் ஒரு பங்கு. வியாழன் சூரியனை ஆட்டுவது விநாடிக்கு 12.5 மீட்டர், பூமி 9 செ.மீ. வாஸ்ப்-43பி தன் விண்மீனை 550 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது என்றாலும் 12.4 மேக்னிட்யூட் ஒளியைப் பிரித்துப் பார்க்கப் பெரிய ஆடி வேண்டும். வெப்பநிலை நூறில் ஒரு பாகை அளவில் நிலையாக நிற்கும் அறையும் வேண்டும். ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் உள்ள பாரஸ் நிறமாலைமானி அப்படிப்பட்டது, 2018இல் அறிவித்த கோள் ஒன்று பூமியைப் போல 27 மடங்கு நிறை. பள்ளியில் இதைச் செய்ய முடியாது.

ஆனால் உங்களுக்கு அருகிலேயே பாடம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் அரைநிழல் பகுதியில் (கரிய நடுவைச் சுற்றிய மங்கல் வளையம்) நிறமாலைக் கோடுகள் நகர்ந்திருப்பதைக் கண்டு, அங்கே வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்று சொன்னார். வேகம் விநாடிக்குச் சில கிலோமீட்டர். அதே டாப்ளர், அதே கணக்கு, 51 பெகாசியின் ஆட்டத்தைவிடப் பல மடங்கு பெரிய நகர்வு. கோள் தேடுபவர்களுக்கு இன்று பெரிய தொந்தரவே இந்தப் புள்ளிகள்தான். விண்மீன் சுழலும்போது புள்ளி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக, கோடுகளின் வடிவம் கோணி, இல்லாத கோளை இருப்பதாகக் காட்டும். கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு மாதப் படங்களை இறக்கி, புள்ளியின் பரப்பு சூரிய வட்டில் எத்தனை சதவீதம் என்று மாணவர்கள் அளந்தால், விண்மீன் ஒளியைப் புள்ளி எவ்வளவு குறைக்கும், கோள் எவ்வளவு குறைக்கும் என்று ஒப்பிடலாம். உங்கள் ஒளிவளைவின் பள்ளத்துக்குள் சிறு மேடு வந்தாலும் இதை நினைவில் வையுங்கள். கோள் ஒரு புள்ளியின் மேல் கடந்தால் அப்படி வரும், மேகத்தாலும் வரும். இரண்டாவது இரவிலும் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது.

முத்தோரை_326:

ஊட்டி பற்றிக் கேட்ட மாணவிக்கு: நல்ல கேள்வி, ஆனால் அலைவரிசை பொருந்தாது. ஊட்டி அருகே முத்தோரையில் உள்ள அந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஊரின் அட்சரேகைக்குச் சமமான 11 பாகைச் சரிவில் வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. 1970 முதல் இயங்குகிறது, கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ். கோளின் காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்கள் உமிழும் ரேடியோ அலையின் உச்ச அலைவரிசை, புலத்தின் ஒவ்வொரு காஸுக்கும் (காந்தப்புல வலிமையின் அலகு) 2.8 மெகாஹெர்ட்ஸ். வியாழனின் வலுவான இடத்தில் 14 காஸ், ஆகவே அது 40 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. 326.5க்கு 117 காஸ் வேண்டும்.

ஆனாலும் கடப்புக்கும் ஊட்டிக்கும் ஒரு உறவு உண்டு. நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை எந்த வடிவத்தில் இறங்குகிறது என்று பார்த்து அந்த மூலத்தின் கோண அளவைக் கணக்கிடுவதற்காகவே கோவிந்த் ஸ்வரூப் குழு இதை வடிவமைத்தது. ஒன்று இன்னொன்றை மறைக்கும் விதத்திலிருந்து அளவைக் கண்டுபிடிக்கும் அதே யோசனை. வகுப்பில் இரண்டையும் சேர்த்தே நடத்தலாம்.

மேல்மலை_டீச்சர்:

மாணவர்களிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். இந்தியப் பெயர் கொண்ட விண்மீன் ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்க்கலாமா என்கிறார்கள். முடிவைப் பதிவேற்றும்போது நேரத்தை இந்திய நேரத்தில் கொடுத்தால் போதுமா?

ஒளிவளைவு_குந்தா:

பார்க்கலாம். எச்டி 86081, பெயர் பிபா, இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக 2019இல் வைத்தது. கோளின் பெயர் சந்தமசா. வாஸ்ப்-43க்கு வடமேற்கே 8 பாகையில், அதே செக்ஸ்டன்ஸில். 8.7 மேக்னிட்யூட், பைனாகுலரிலேயே தெரியும். டாப்ளரில் கண்டுபிடித்த கோள் என்பதால் மாணவர்களுக்குக் காட்டுங்கள், ஒளி அளக்க வேண்டாம்.

நேரம்தான் கவனம் டீச்சர். இந்திய நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் உலக நேரம், அது முதல் படி. எக்ஸ்போஷரின் தொடக்கத்தை அல்ல, நடுவைக் குறியுங்கள், 60 விநாடிக்கு 30 விநாடி வித்தியாசம். மலையில் இணையம் அறுந்தால் மடிக்கணினிக் கடிகாரம் விலகிப்போகும், ஆகவே ஒரு சிறு ஜிபிஎஸ் ரிசீவரை இணைத்து நேரத்தை அதிலிருந்து எடுங்கள். கடைசியாக, பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் ஒளி நமக்கு முன்பின்னாக வந்து சேரும். பிப்ரவரி கடைசியில் வாஸ்ப்-43 சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் ஒளி சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தைவிட நமக்கு 8 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக முந்தி வந்துவிடும். அந்த அளவைக் கூட்ட வேண்டும், அதோடு இயங்கியல் நேரத்துக்கு (வானியல் கணக்குகளுக்கான சீரான நேர அளவு) 69 விநாடியும் கூட்ட வேண்டும். ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே இதைச் செய்துவிடும், ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, விண்மீனின் இடம் மூன்றையும் சரியாகக் கொடுத்திருந்தால். புறக்கோள்களை ஆராயவிருக்கும் ஏரியல் விண்கலத்துக்காகக் கடப்பு நேரங்களைச் சேகரிக்கும் எக்ஸோகிளாக் திட்டத்தில் பதிவேற்றும்போது உங்கள் நடுநேரம் கணிப்பிலிருந்து 9 நிமிடம் தள்ளி வந்தால், கோள் இடம் மாறிவிட்டதென்று நினைக்க வேண்டாம், இந்தத் திருத்தம் விட்டுப்போயிருக்கும். சரியாக ஐந்தரை மணி தள்ளி வந்தால் காரணம் உங்களுக்கே தெரியும்.